ஆள் கால், ஆடை முக்கால்

அந்தத் துணிக்கடையில் அவளை எல்லோரும் ஷோகேஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையின் முன்பக்கம், தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி அறை. அதற்குள் ஐந்து பொம்மைகள். அவற்றுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். இப்போது அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள். இடையில் கடைக்கு முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, பொம்மைகளின் விரல்களில் சில உடைந்து ஒட்டப்பட்டன. அவள் மட்டும் மாறவில்லை.

மாறவில்லை என்று சொல்வதும் தப்பு. அவளைப்போல மாறியவள் அந்தத் தெருவிலேயே கிடையாது. தோளில் பலூன் மாதிரி உப்பிய கை வந்தபோது முதலில் போட்டவள் அவள்தான். அது போய் உடம்போடு ஒட்டிய சட்டை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் போட்டாள். முழங்காலுக்குக் கீழே இறங்கிய மேல்சட்டை, கணுக்காலில் இறுகிய பேன்ட், பட்டாம்பூச்சிக் கை என்று எது வந்தாலும் கடைக்குள் வந்த மறுவாரம் அவள் உடம்பில் ஏறிவிடும். “பொம்மைக்குப் போட்டுவிடுறவளுக்கு அது உடம்புல எப்படி உக்காருதுன்னு தெரிய வேண்டாமா?” என்பாள். அது ஒரு சாக்கு. ஆசை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் இதற்கு நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். “கிளட்சை மெதுவா விடு, மெதுவா விடு” என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மாஸ்டர் ஆகிப்போனவர். கோடு போட்ட முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தானிலிருந்து மணிக்கட்டுப் பொத்தான்வரை அத்தனையும் பூட்டியிருக்கும். தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிய பேன்ட்டுக்குள் சட்டையைச் சுற்றிலும் சுருக்கமில்லாமல் இன் பண்ணி, அதற்கு மேல் அகலமான பெல்ட். ஒரே தையல்காரர், ஒரே அளவு. பீரோவைத் திறந்தால் ஒரே சட்டைதான் வரிசையாகத் தொங்குவதுபோல் இருக்கும்.

“எல்லாம் ஒரே பிரசவத்துல பொறந்ததா?” என்று அவள் கேட்பாள்.

“ரோட்டுல போட்ட கோடு வருஷா வருஷம் மாறுதா? மாறினா வண்டி மோதும்” என்பார் அவர்.

இப்படியே ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் குடும்பம் நடந்தது.

அந்த வருடம் கடைக்கு ஒரு புது மேனேஜர் வந்தாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பெண். ஒரு நாள் காலையில் கையில் டேப்லெட்டோடு ஷோகேஸுக்குள் வந்தாள்.

“அக்கா, ஹெட் ஆபீஸ்லேர்ந்து படம் அனுப்பியிருக்காங்க. இந்த சீசன் முழுக்க லூஸுதான்.”

“எல்லாமேவா மேடம்?”

“எல்லாமே. தோள்பட்டை கீழ இறங்கணும், கை விரலை மூடணும், பேன்ட் தரையைத் தொடணும்.”

“அப்ப தரையைப் பெருக்கத் தனியா ஆள் வேண்டாம்” என்றாள் ஷோகேஸ் அக்கா. மேனேஜர் சிரித்துவிட்டாள்.

படத்தில் இருந்தபடியே ஐந்து பொம்மைகளுக்கும் போட்டுவிட்டாள். வழக்கமாகத் துணி தொளதொளவென்று இருந்தால் பொம்மையின் முதுகுப்பக்கம் குண்டூசி குத்திப் பிடித்துவிடுவாள். முன்னால் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை. லூஸ் என்றால் லூஸாகத் தெரியவேண்டும். குண்டூசிப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மனசு ஒட்டவில்லை.

பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தி கண்ணாடியைக் காட்டி, “அங்க பாரு, யாரோ துணி காயப்போட்டிருக்காங்க” என்றாள்.

கேட்டவுடன் ஷோகேஸ் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது சுருக்கென்று தைத்தது. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த ரகத்தில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனாள். எத்தனையோ ஃபேஷன் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தது, சொல்லிக்கொண்டுதான் போனது. இது மட்டும் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடியில், யாரோ ஒரு பெரியம்மா கோணிப்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள். சட்டையைக் கழற்றி மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்க, அவர் டீ குடித்துக்கொண்டிருக்க, அவள் பொதுவாகச் சொன்னாள்: “கிடங்குக்கு மாத்திடச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேன். சரக்கு வந்தா பிரிச்சு அடுக்குற வேலை. ஷோகேஸுக்குச் சின்ன வயசுல யாராவது வரட்டும்.”

“ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்றாள் மகள்.

“யாரும் சொல்லல. எனக்கே தெரியுதே. இந்த உடுப்பு எனக்குப் புரியல. புரியாதத எப்படி உடுத்திவிடுறது?”

அவர் டீயைக் கீழே வைத்தார். “கிடங்குல ஜன்னல் கிடையாதே” என்றார். ஜன்னல் இல்லாவிட்டால் இவருக்கென்ன என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. எத்தனையோ பேர் காரைச் சுவரில் மோதப் போனபோதெல்லாம் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்த மனுஷர், ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது கால் தவறி விழுந்தார். வலது கையில் எலும்பு முறிவு. விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கைக்கு மேலேவரை மாவுக்கட்டு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள்.

“சீட் பெல்ட் போட்டிருந்தீங்களாப்பா?” என்றாள் மகள்.

அவர் மகளை முறைத்தார். அதுவும் வலித்தது.

இரண்டு நாள் பனியனோடு வீட்டில் கிடந்தார். மூன்றாம் நாள் வகுப்பறையில் சாலைக் குறியீடு பாடமாவது எடுக்கிறேன் என்று கிளம்பினார். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. அவருடைய சட்டைக்கை ஒன்றுக்குள்ளும் அந்தக் கட்டு நுழையவில்லை.

“கையை மட்டும் தையல் பிரிச்சிடவா?” என்று கேட்டாள்.

சொந்தக் கையை வெட்டட்டுமா என்று கேட்டதுபோல் அவர் அவளைப் பார்த்தார். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

மறுநாள் கடையிலிருந்து ஒரு சட்டை வாங்கிவந்தாள். இந்த சீசன் ரகம். பாசி நிறம், இருந்ததிலேயே பெரியது. அடுத்த நாள் காலையில் அதைப் பிரித்துக் காட்டினாள். அவர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இதுல எத்தனை பேர் குடியிருக்கணும்?”

“நீங்களும் உங்க கட்டும்.”

“ஆள் பாதி, ஆடை பாதின்னு சொல்லுவாங்க. இது ஆள் கால், ஆடை முக்கால்.”

“பேசாம நில்லுங்க.”

பொம்மைகளுக்கு உடுத்தியே பழகியவள். பேசுகிற ஒருவருக்கு உடுத்திவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இவர் வளைந்தார், நெளிந்தார், அக்குளில் கூச்சம் என்றார், பொத்தானைத் தானே போடுவேன் என்றார்.

“பொம்மையா இருந்தா கையைக் கழட்டி ஓரமா வச்சிட்டு மாட்டுவேன்” என்றாள்.

“நானும் கழட்டத்தான் பார்த்தேன், ஸ்டூல்மேல ஏறி. முழுசா வரல.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் மார்பில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு சிரித்தாள். கட்டுப்போட்ட கையை மேலே தூக்கிப் பிடித்தபடி அவர் சாலை நடுவில் நிற்கும் போலீஸ்காரர்போல் நின்றார்.

சட்டை ஏறிவிட்டது. அடுத்த சண்டை அதை இன் பண்ணுவதில். அவ்வளவு துணியை உள்ளே திணித்தால் இடுப்பைச் சுற்றி மெத்தை கட்டினதுபோல் இருக்கும், வெளியே விடுங்கள் என்றாள். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு பாடம் எடுப்பதா, நான் என்ன பீச்சுக்கா போகிறேன் என்றார் அவர். “அப்ப நீங்களே பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் காபி போடப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அவர் சுவரைப் பார்த்து நின்று இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தானை எப்படியோ போட்டுவிட்டிருந்தார். சட்டையின் முன்பக்கத்தில் இடதுகைக்கு எட்டின கொஞ்சம் மட்டும் பேன்ட்டுக்குள் போயிருந்தது. மிச்சமெல்லாம் வெளியே. தோற்றுப்போன முகத்தோடு திரும்பினார்.

அவள் காபியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தில் பார்த்த அதே சட்டை. பொம்மைமேல் கொடித்துணிபோல் தொங்கிய அதே தொளதொளப்பு. ஆனால் அந்த ஒரு பிடித் துணி உள்ளே போனதில் இடுப்பு எங்கே என்று தெரிந்தது. மிச்சத் துணி அங்கிருந்து சாய்வாக இறங்கிப் பின்னால் நீண்டது. பூட்டிய கழுத்துப் பொத்தான் அவருக்கே உரிய பிடிவாதத்தோடு மேலே உட்கார்ந்திருந்தது. சட்டை சொன்னதை அவர் கேட்கவில்லை, அவர் சொன்னதைச் சட்டையும் முழுசாகக் கேட்கவில்லை. இரண்டும் பாதி வழியில் ராசியாகிப் போயிருந்தன.

“திரும்புங்க” என்றாள்.

“பின்னாடி கிழிஞ்சிருக்கா?”

“இல்ல. இன்னொரு தடவை திரும்புங்க.”

“காபி ஆறுது” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: “டிரெண்டுன்னா திட்டா, பாராட்டா?”

“யாரு சொன்னா?”

“முடிவெட்டுற கடை வச்சிருக்கே, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத அந்தப் பொண்ணு. ‘மாஸ்டர், இப்பத்தான் நீங்க டிரெண்டுல இருக்கீங்க’ன்னுச்சு. கிளாஸே சிரிச்சுது. நான் ‘நோ பார்க்கிங்’ போர்டைக் காட்டிப் பேச்சை மாத்திட்டேன்.” முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் இன் பண்ணும் நேரம் வந்தபோது, யாரும் சொல்லாமலே இடதுபக்கம் மட்டும் உள்ளே விட்டார். கண்ணாடியில் பக்கவாட்டில் ஒரு பார்வை வேறு.

அவள் கடைக்குப் போனதும் பொம்மைகளின் உடுப்பையெல்லாம் கழற்றினாள். அதே ரகங்கள், அதே நிறங்கள்தான். ஆனால் இந்தமுறை படத்தைப் பார்க்கவில்லை, ஆட்களை நினைத்துக்கொண்டாள். ஒரு பொம்மைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, முன்பக்கம் ஒரு பிடி மட்டும் உள்ளே விட்டாள். இன்னொன்றுக்கு அந்த விரலை மூடும் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டாள், பாத்திரம் கழுவிவிட்டு அப்படியே வாசலுக்கு வந்தவளைப்போல. தரையைத் தொடும் பேன்ட்டை ஒரு காலில் மட்டும் மடித்துவிட்டாள். சைக்கிளில் போகிறவன் சங்கிலியில் மாட்டாமல் இருக்க மடிப்பானே, அப்படி. நேரமாகிவிட்டது என்று ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு ஓடும் மகளை நினைத்து நாலாவதற்கு உடுத்தினாள். ஐந்தாவது பொம்மைக்கு, பெரிய சட்டைக்கு மேல் குறுக்காக ஒரு பையை மாட்டி, பை வார் துணியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டாள். குழந்தை வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

மேனேஜர் வந்து நின்று பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

“அக்கா, படத்துல இப்படி இல்லையே.”

“ஆமா மேடம். படத்துல அந்தப் பொண்ணு சும்மா நிக்குது. அதுக்குப் போக வர ஒரு இடமும் இல்ல. நம்ம தெருவுல போறவங்களுக்கு வேலை இருக்கு.”

மேனேஜர் டேப்லெட்டை மூடினாள். “ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றவரைக்கும் இருக்கட்டும். வந்தா நான் பேசிக்கிறேன்” என்றாள். பிறகு தன் சட்டைக்கையைச் சும்மா ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஊரே திரண்டு வந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் நின்றார்கள். ஒருவன் சைக்கிள் பொம்மையைக் காட்டித் தன் கூட்டாளியிடம், “உன்னைத்தான்டா நிக்க வச்சிருக்காங்க” என்றான். அந்தக் கூட்டாளி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு, கடைக்குள் வந்து அதே பேன்ட்டை வாங்கிப் போனான். கிடங்குப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் பையை மாட்டியிருந்த பொம்மையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கழுத்தில் தொங்கும் கட்டோடு அவள் புருஷன். வகுப்பு முடிந்து வந்திருந்தார். அவள் வெளியே போனாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

“இது நான்” என்றார் முதல் பொம்மையைக் காட்டி. “வயிறு மட்டும் என்னுது இல்ல.”

“பொம்மை கம்பெனில அந்த அளவு செய்யறதில்லையாம்.”

“இது நம்ம பொண்ணு. இது...” என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். “எல்லாரும் இருக்காங்க. உன்னைக் காணோமே.”

“எனக்குன்னு ஒரு தினுசு இருந்தாத்தானே வைக்கிறதுக்கு?” அவள் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தபடி ஆரம்பித்தாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. “காத்தடிக்கிற பக்கமெல்லாம் சாஞ்சவ நான். உங்களை எத்தனை கேலி பண்ணியிருக்கேன். ஆனா உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு. எந்தச் சட்டையைப் போட்டாலும் அது நீங்கதான்னு தெரியுது. நான் வந்ததையெல்லாம் போட்டேன், போனதையெல்லாம் கழட்டினேன். மிச்சம் என்ன இருக்கு?”

அவர் கண்ணாடியையே பார்த்தபடி நின்றார். பாடம் எடுக்கும்போதும் அப்படித்தான்; சிக்னல் மாறும்வரை பேசமாட்டார்.

“பை” என்றார்.

“எந்தப் பை?”

“நீ போடுற எதுலயும் வலப்பக்கம் ஒரு பை இருக்கும். வாங்கறப்ப இருக்காது. மறுநாள் இருக்கும். அந்த பலூன் கைச் சட்டைக்கும் வச்சே. உடம்போட ஒட்டின சட்டையில பை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, உள்பக்கம் தச்சே. கல்யாண உடுப்புல வச்சிருந்தே. அதுக்குள்ளேயிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து எங்க அக்கா தோள்ல தொங்கின நூலை வெட்டிவிட்டே. எங்க வீட்டு ஆளுங்களுக்கு வாயடைச்சுப் போச்சு.”

“அது குண்டூசி, கத்தரிக்கோலு வைக்கிறதுக்கு” என்றாள் அவள். “வேலைக்கு.”

“எதுக்கோ. புதுசா ஒண்ணைப் பார்த்தா அந்தப் பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு, தலையைச் சாய்ச்சு நிப்பே. எந்த உடுப்பு போட்டிருந்தாலும் அந்த நிக்கிறது மாறினதில்ல. எனக்கு இருநூறு அடியிலயே தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என் உடுப்பைப் பார்த்ததே கிடையாது.”

அவர் தொண்டையைச் செருமினார். தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பார்க்கிங் பாடத்துக்கு ஊர்ல எத்தனை தெரு இருக்கு. எல்லாரையும் இந்தத் தெருவுக்கே கூட்டிட்டு வர்றேனே, ஏன்னு நினைக்கிறே? இங்க ஒரு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எத்தனை பேர் என்னைத் திட்டியிருக்காங்க.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் கை தன் பாட்டுக்குப் பைக்குள் போயிருப்பதைப் பார்த்து, அவசரமாக வெளியே எடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நின்றார்.

“கல்யாணத்துக்கு அப்புறமுமா?” என்று கேட்டாள்.

“போன மாசம்கூட” என்றார்.

அன்று கடை முடிந்ததும் அவள் டிரையல் ரூமுக்குள் போய்ப் போட்டுக் கழற்றிய அதே சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மகளின் தையல் மெஷினில் உட்கார்ந்து வலப்பக்கம் ஒரு பை தைத்தாள். சட்டையைப் போட்டுக்கொண்டு அதற்குள் கையை விட்டாள். கையின் கனத்துக்குப் பை இழுபட, தோளும் கழுத்தும் தாமாக ஓரிடத்துக்கு வந்து நின்றன. கோணிப்பைக்குள் இருந்த பெரியம்மாவைக் கண்ணாடியில் தேடினாள், ஆளைக் காணவில்லை. மகள் பார்த்துவிட்டு, “அம்மா, நான் நாளைக்கு இதைப் போட்டுட்டுப் போறேன்” என்றாள். “உன்னுதை நீ தச்சுக்கோ” என்றாள் அவள்.

கட்டுப் பிரித்த பிறகு கை மெலிந்து, வெளுத்து, யாருடையதோபோல் இருந்தது. கொஞ்சம் தேறியதும் அவர் தன் பழைய கோடு போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டினார். கை நுழைந்தது. பொத்தான் எல்லாம் பூட்ட முடிந்தது. ஆனால் அன்று காலை முழுக்கத் தோளை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “இது முன்னாடியும் இவ்வளவு பிடிச்சுதா?” என்று கேட்டார்.

“முன்னாடியும் பிடிச்சுது. நீங்க ஒத்துக்கல” என்றாள் அவள்.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் அவருடைய தையல்காரரிடம் போனார்கள். துணி கோடு போட்டதுதான். அதில் பேச்சுக்கே இடமில்லை. தையல்காரர் மனப்பாடமாக அளவைச் சொல்லிக்கொண்டே துணியை மடிக்க ஆரம்பித்தார்.

“இல்லண்ணே, இந்தத் தடவை கொஞ்சம் தளர்வா வேணும்” என்றார் அவர்.

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு விரக்கடை விடுங்க.”

“நாலு” என்றாள் அவள்.

“நாலு விட்டா எனக்குப் பதிலா சட்டை போய்க் கிளாஸ் எடுக்கும்.”

“ரெண்டு விட்டா இங்க வந்ததே வீண்.”

“மூணு வச்சுக்கலாம்” என்றார் தையல்காரர். “புதுசா அளவெடுத்துடறேன். நேரா நில்லுங்க.”

அவர் நேராக நின்றார். டேப் வயிற்றைச் சுற்றி வந்ததும் வழக்கம்போல் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடித்துக்கொண்டார். தையல்காரர் அவளைப் பார்த்தார். அவள் கூடாது என்று தலையசைத்தாள்.

“மூச்சை விடுங்க” என்றாள்.

அவர் விட்டார்.